581-ஆம் கல்லறையின் வாசகர்கள்

2017 செப்டம்பரில் அமெரிக்காவின் உடல்சார் மானிடவியல் இதழ் ஒன்றில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதன் தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: ‘மரபணுத்தொகுதி ஆய்வால் உறுதிசெய்யப்பட்ட ஒரு பெண் வைக்கிங் போர்வீரர்.’ சின்னக் கட்டுரைதான். அது கிளப்பிய புழுதி பெரிது. செய்தித்தாள்கள் எடுத்துக்கொண்டன, தொலைக்காட்சிகள் எடுத்துக்கொண்டன, தொல்லியல் பக்கமே தலைவைத்துப் படுக்காத என் தோழிகள் எல்லாம் எனக்கு அனுப்பிவைத்தார்கள். “பாத்தியா, அப்பவே இருந்திருக்காங்க!”

நான் படித்தது பொறியியல். ஆனால் ஒரு வாக்கியத்தை நிறுத்தி வைத்து அதில் எந்தச் சொல் எந்தச் சொல்லின் முதுகில் ஏறிப் போகிறது என்று பார்க்கும் பழக்கம் இதுபோன்ற இதழ்களை வாசித்துத்தான் வந்தது. அதை இந்தத் தலைப்பின் மீதும் பிரயோகித்துப் பார்க்கிறேன். இங்கே மூன்று விஷயங்கள் உறுதிசெய்யப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. ஒன்று, அவர் பெண். இரண்டு, அவர் வைக்கிங். மூன்று, அவர் போர்வீரர். மரபணு ஆய்வு இவற்றில் எத்தனையை உறுதிசெய்யும்? ஒன்றைத்தான். ஒரு பல்லிலிருந்தும் எலும்பிலிருந்தும் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தார்கள். ஒய் குரோமோசோம் இல்லை, ஆக உடலளவில் பெண். அந்த இடத்தில் ஆய்வகத்தின் வேலை முடிந்துவிட்டது. வாளைப் பிடித்தாளா, யாரையாவது வெட்டினாளா என்பதெல்லாம் குரோமோசோமில் எழுதியிருக்காது. தலைப்பில் இருக்கிற ‘உறுதிசெய்யப்பட்ட’ என்ற சொல் முதல் விஷயத்துக்குச் சொந்தமானது. மற்ற இரண்டும் டிக்கெட் வாங்காமல் அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

கட்டுரை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கட்டுரைக்குள் ஆயுதங்களைப் பற்றியும் கல்லறை இருக்கும் இடத்தைப் பற்றியும் தனியாகப் பேசுகிறார்கள். ஆனால் உலகம் வாசித்தது தலைப்பை.

என்ன கல்லறை அது? சுவீடனில், ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே மேலாரென் என்றொரு ஏரி. அதில் பியோர்க்கோ என்ற தீவு. 8-ஆம் நூற்றாண்டிலிருந்து 10-ஆம் நூற்றாண்டு வரை அங்கே பிர்கா என்ற வணிக ஊர் இருந்தது. 1871-இல் அங்கே யால்மர் ஸ்டோல்பே என்று ஓர் இளம் விலங்கியலாளர் வந்து இறங்கினார். அவர் தேடி வந்தது வைக்கிங்குகளை அல்ல. அம்பரில் சிக்கிக் கல்லாகிப்போன பூச்சிகளை. பூச்சி தேடி வந்தவர் கல்லறை தோண்ட ஆரம்பித்து, கடைசியில் சுமார் 1,100 கல்லறைகளைத் தோண்டி முடித்தார். எனக்கு ஸ்டோல்பேயைப் பிடிக்கும். காரணம் அவர் பயன்படுத்திய தாள். கட்டம் போட்ட தாளில், அளவு பிசகாமல், எந்த எலும்பு எங்கே கிடந்தது, எந்த இரும்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று ஒவ்வொரு கல்லறையையும் வரைந்துவைத்தார். அந்தக் காலத்தில் பலபேர் தங்கம் கிடைக்குமா என்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது இந்த மனிதர் கட்டம் எண்ணிக்கொண்டிருந்தார்.

1878-இல் அவர் திறந்த கல்லறைக்கு எண் 581. ஒரு பெரிய பாறையின் அடியில், மண்ணுக்குள் மரத்தால் கட்டிய அறை. 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே ஒரே ஓர் ஆள். கூடவே வாள், கோடாரி, ஈட்டி, போர்க்கத்தி, கவசத்தைத் துளைக்கும் அம்புகள், இரண்டு கேடயங்கள். காலடிப் பக்கம் ஒரு மேடையில் இரண்டு குதிரைகள். ஒன்று ஆண், ஒன்று பெண். மடியில் ஒரு முழு ஆட்டத்துக்கான காய்கள். ஊரின் காவல் கோட்டைக்குப் பக்கத்திலேயே கல்லறை. வைக்கிங் காலத்துப் போர்வீரனின் கல்லறை எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் காட்டினார்கள். ஸ்டோல்பேயின் வரைபடத்தை வைத்துச் செதுக்கிய படம் 1889-இல் அச்சில் வந்தது. பிறகு புத்தகம் புத்தகமாகப் போனது.

எலும்பை யாரும் பார்க்கவில்லையா? பார்த்தார்கள், அதுதான் வேடிக்கை. 1970-களிலேயே பெரிட் வில்கான்ஸ் என்ற எலும்பியலாளர் இந்த எலும்புகள் ஒரு பெண்ணுடையவை போலிருக்கின்றன என்று குறித்துவைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. பல்லாண்டு கழித்து அன்னா ஷெல்ஸ்ட்ரோம் மறுபடி இடுப்பெலும்பையும் தாடையையும் பார்த்துவிட்டு அதையே சொன்னார். முப்பது வயது தாண்டிய பெண், உயரம் சுமார் 170 சென்டிமீட்டர். அப்போதும் நம்பவில்லை. எலும்புகள் மாறியிருக்கும் என்றார்கள், பெட்டி மாறியிருக்கும் என்றார்கள். அதனால்தான் ஷார்லட் ஹெடென்ஸ்டியர்னா-யோன்சன் தலைமையிலான குழு டிஎன்ஏ வரைக்கும் போக வேண்டி வந்தது. சொல்லப்போனால் 2017-இல் மரபணு ஆய்வு புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு பெண்கள் கண்ணால் பார்த்துச் சொன்னதை ஓர் இயந்திரம் சொல்லிற்று. இயந்திரம் சொன்னால் கேட்பார்கள்.

இங்கே நின்று கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது. நான் வேலை செய்வது பாயான் லெப்பாஸில், சிப் தயாரிப்பில், பழுதான சிப்பைத் திறந்து ஏன் பழுதானது என்று கண்டுபிடிக்கும் பிரிவில். ஒரு வகையில் நாங்களும் பிணப்பரிசோதனைக்காரர்கள்தான். எங்கள் அறிக்கையில் ‘கண்டது’ என்று ஒரு பகுதி இருக்கும், ‘முடிவு’ என்று வேறொரு பகுதி இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே சொல்லிக்கொடுப்பது, ஒன்றில் எழுத வேண்டியதை இன்னொன்றில் எழுதாதே என்பது. ‘கம்பி உருகியிருக்கிறது’ கண்டது. ‘அதிக மின்சாரம் பாய்ந்திருக்கிறது’ முடிவு. இரண்டும் ஒன்று போலத் தோன்றும். இல்லை.

இன்னொன்றும் சொல்லிக்கொடுப்பார்கள். ஓர் அளவுகோலை அந்த அளவுகோலை வைத்தே சரிபார்க்கக் கூடாது. வைக்கிங் காலத்துக் கல்லறை ஆய்வில் நெடுநாள் நடந்தது இதுதான். பிர்காவில் பல கல்லறைகளில் எலும்பு மோசமாக மக்கிப்போயிருந்தது. அதனால் பொருளை வைத்து ஆளைத் தீர்மானித்தார்கள். தோள்பக்கம் முட்டை வடிவப் பெரிய ஊசிப்பதக்கம் இரண்டு கிடந்தால் பெண். வாள் கிடந்தால் ஆண். பிறகு அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, ‘ஆகா, வைக்கிங் ஆண்கள் எல்லோரும் வாளோடு புதைக்கப்பட்டிருக்கிறார்கள், பெண் ஒருத்திகூட இல்லை’ என்று முடிவெழுதினார்கள். எப்படி இருப்பாள்? வாளோடு இருந்தவர்களையெல்லாம் முன்னாலேயே ஆண் வரிசையில் நிறுத்திவிட்டீர்களே. இந்த வட்டத்தை உடைத்ததுதான் புதிய ஆய்வுமுறைகளின் உண்மையான பெரிய காரியம் என்று நினைக்கிறேன். பொருளைக் கேட்காமலேயே எலும்பை விசாரிக்க ஒரு வழி கிடைத்தது. டிஎன்ஏ அழிந்துபோன எலும்பாக இருந்தால் இப்போது பல் எனாமலில் இருக்கும் புரதத்தை வைத்துக்கூடப் பார்க்கிறார்கள். இத்தாலியின் மோதெனாவில் கைகோத்த நிலையில் 2009-இல் கிடைத்த இரண்டு எலும்புக்கூடுகளுக்குக் ‘காதலர்கள்’ என்று பெயர் வைத்தார்கள். ஆணும் பெண்ணுமாகத்தான் இருக்கும் என்று பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2019-இல் எனாமல் புரதம் இருவருமே ஆண்கள் என்று சொன்னது. உடனே சகோதரர்களா, சேர்ந்து செத்த வீரர்களா என்று புதிய கதைகள் வரிசைகட்டி வந்தன. ‘காதலர்கள்’ என்பது அதுவரை எல்லோருக்கும் சம்மதமாகத்தான் இருந்தது. இருவரும் ஆண் என்றதும் அந்தச் சொல்லுக்கு மட்டும் ஆதாரம் கேட்டார்கள்.

581-க்கும் இதேதான் நடந்தது. பெண் என்று தெரிந்த மறுநாளிலிருந்து கேள்விகள். வாள் அவளுடையதுதானா? கணவனின் வாளாக இருக்கலாமே? குடும்ப கௌரவத்துக்காக வைத்திருக்கலாமே? எலும்பில் வெட்டுக்காயம் இல்லையே? பக்கத்தில் ஓர் ஆண் உடல் இருந்து முழுவதும் மக்கிப்போயிருந்தால்?

கேள்விகள் தவறானவை அல்ல. ஒவ்வொன்றும் நியாயமான கேள்வி. புதைகுழியில் இருக்கும் பொருளைச் செத்தவர் வைக்கவில்லை, உயிரோடு இருந்தவர்கள் வைத்தார்கள். அது அவர்களுடைய பேச்சு. நம் வீடுகளில் தாத்தாவின் பெட்டிக்குள் வெற்றிலைச் செல்லத்தை வைப்போம், பாட்டிக்குக் கூறைப்புடவை போர்த்துவோம். கூறைப்புடவையை அவள் கடைசியாக உடுத்தியது கல்யாணத்தன்றுதான். ஆயிரம் வருடம் கழித்துத் தோண்டுகிறவன் இந்த அம்மாள் தினமும் பட்டுக் கட்டியவள் என்று எழுதினால் நாம் சிரிக்க மாட்டோமா?

ஆனால் இதே கேள்விகளை, இந்த ஆள் ஆண் என்று நம்பிய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் எவரும் கேட்கவில்லை. ஆணின் பக்கத்தில் வாள் கிடந்தால் அவன் வீரன். பெண்ணின் பக்கத்தில் கிடந்தால் அது யாரோ வைத்துவிட்டுப் போன வாள். காயம் இல்லாத ஆண் எலும்புக்கூடுகள் ஆயுதங்களோடு எத்தனையோ கிடைத்திருக்கின்றன. அவர்களிடம் யாரும் காயச் சான்றிதழ் கேட்டதில்லை.

இதை நான் பொதுப்படையாகச் சொல்லவில்லை. ஒருமுறை கருவி விற்கும் நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார், தமிழர்தான், அப்பா வயது. நான் நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், கையில் ஊசிமுனைக் கருவி, பக்கத்தில் என் மடிக்கணினியில் என் பெயர் போட்ட அறிக்கை. அவர் ஐந்து நிமிடம் அன்பாகப் பேசிவிட்டுக் கேட்டார்: “சரிம்மா, இன்ஜினியர் எப்ப வருவாரு?” கெட்ட மனிதர் இல்லை. அவர் கண்ணுக்கு அந்தக் கருவி என் கையில் இருந்தது, என்னுடையதாக இல்லை. அவ்வளவுதான். ஆகவே 581-ஆம் கல்லறை விவாதத்தில் வாள் வேறொருவருடையது என்ற வாதத்தை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும்.

அதனாலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டியவளும் நான்தான். அவள் போர்வீரராக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை இருக்கிற இடத்தில்தான் கண்டதும் முடிவும் கலந்துபோகும்.

2017 கட்டுரையில் எனக்குச் சம்மதமில்லாத இடம் ஒன்று இருக்கிறது: ஆட்டக்காய்கள். மடியில் முழு ஆட்டத்துக்கான காய்கள் இருப்பதால் இவருக்குப் போர்த்தந்திரமும் வியூகமும் தெரியும், ஆகவே உயர்பதவியில் இருந்த தளபதியாக இருக்க வேண்டும் என்ற அளவுக்குக் கட்டுரை போகிறது. இதற்குத்தான் என் சந்தேகம். எங்கள் வட்டாரக் கோப்பிக் கடையில் சாயங்காலம் நான்கு பெரியவர்கள் பாட்டில் மூடிகளை வைத்து டாம் ஆடுவார்கள். அதில் ஒருவர் அசைக்க முடியாத ஆள். அவர் பெட்டிக்குள் அந்த மூடிகளை வைத்துப் புதைத்தால் அவர் மலேசிய ராணுவத்தின் ஜெனரலா? வியூகம் தெரிந்தவர் என்று சொல்லலாம். ஆட்டம் பிடிக்கும் என்று சொல்லலாம். சேர்ந்து ஆடியவர்கள் அவரை நேசித்தார்கள் என்று சொல்லலாம். வைக்கிங் கல்லறைகளில் ஆட்டக்காய்களுக்கு இதைவிடக் கனமான இடம் உண்டு, உயர்குடிக் கல்லறைகளில் ஆயுதங்களோடு சேர்ந்து வருகின்றன என்பது சரி. அது அந்தஸ்தைக் காட்டும். ‘படை நடத்தினார்’ என்பதற்கு அது போதாது. ஒரு காயை ஒரே தாவலில் நான்கு கட்டம் தாண்டவிடுவது டாமில் முடியும், ஆய்வில் கூடாது.

இன்னொரு குறையை நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்து வைக்கிங் ஆய்வறிஞர் ஜூடித் ஜெஷ் அப்போதே சொன்னார். அவருடைய விமர்சனம் கடுமையானது. குழுவில் மொழியும் இலக்கியமும் தெரிந்தவர் இல்லாமல் ‘போர்வீரர்’ என்ற சொல்லை இவ்வளவு சுலபமாகக் கையாளலாமா என்ற கேள்வி அதில் இருந்தது. இலக்கிய வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்காண்டிநேவியப் பழங்கதைகளில் வாளேந்திய பெண்கள் வருகிறார்கள். ஆனால் அவை எழுத்துக்கு வந்தது பிர்கா அழிந்து இரண்டு மூன்று நூற்றாண்டுகள் கழித்து. கதையை வைத்துக் கல்லறையை வாசிப்பதும், கல்லறையை வைத்துக் கதைக்குச் சாட்சி தேடுவதும் மறுபடி அந்த அளவுகோல் வட்டம்தான். சங்கப் பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முதுமக்கள் தாழிக்குள்ளும் தலைவனைத் தேடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு இந்த இடத்தை இரண்டு முறை வாசிக்கச் சிபாரிசு செய்கிறேன்.

2019-இல் அதே குழு, இம்முறை நீல் பிரைஸ் பெயர் முதலில் வர, ‘ஆன்டிக்குவிட்டி’ இதழில் இரண்டாவது கட்டுரையை வெளியிட்டது. தலைப்பை மட்டும் பாருங்கள்: ‘வைக்கிங் போர்வீரப் பெண்கள்?’ உறுதிசெய்யப்பட்ட என்ற சொல் இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் பிடித்த எழுத்து அந்தக் கேள்விக்குறிதான்.

உள்ளேயும் தொனி மாறியிருக்கிறது. எலும்பு மாறிப்போயிருக்கும் என்பவர்களுக்கு, எலும்புகளின் மீதே மையால் எண் எழுதப்பட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். ஸ்டோல்பேயின் கட்டத்தாள் வரைபடத்தில் இருக்கிற எலும்புகளோடு அவற்றைப் பொருத்திக் காட்டுகிறார்கள். இரண்டாவது ஆள் இருந்ததற்குத் தடயமே இல்லை. பூச்சி தேடி வந்த மனிதர் 1878-இல் எந்த வாதத்துக்காகவும் இல்லாமல் வரைந்துவைத்தது 140 வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது. ‘கண்டது’ பகுதியை ஒழுங்காக எழுதுகிறவனின் மரியாதை இது. ஸ்டோல்பே காலத்தில் இந்த ஆளை ஆண் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த முடிவு அவர் வரைந்த கோடுகளுக்குள் கலக்கவில்லை.

ஆயுதங்கள் அவளுடையவை அல்ல என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. இருக்கலாம், ஆனால் அப்படியானால் பிர்காவின் ஆயுதக் கல்லறைகள் எல்லாவற்றுக்கும் அதே விதியைப் போடுங்கள், ஆண் கல்லறைகள் உட்பட. நியாயமான பேச்சு. பெண்ணுக்கு உரிய வழக்கமான அணிகலன் எதுவுமே உள்ளே இல்லாததையும் எடுத்துவைக்கிறார்கள். அதோடு நிறுத்தவில்லை. உடல் பெண் உடலாக இருந்தாலும் அந்த ஆள் தன்னை எப்படி நினைத்தார், ஊர் அவரை என்னவென்று அழைத்தது என்பது தனிக்கேள்வி. ஆணாக வாழ்ந்திருக்கலாம், அந்தச் சமூகத்தில் நம்மிடம் பெயர் இல்லாத வேறொரு நிலையில் இருந்திருக்கலாம் என்று மற்ற வாசிப்புகளையும் மேசைமேல் பரப்புகிறார்கள். பரப்பிவிட்டு, எங்களுக்கு அதிகம் பொருத்தமாகத் தோன்றுவது போர்வீரப் பெண் என்ற வாசிப்புதான் என்று முடிக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். என் ஆசையைக் கழித்துப் பார்த்த பிறகும் தராசு அந்தப் பக்கமே சாய்கிறது: கோட்டைக்குப் பக்கத்து இடம், முழு ஆயுதத் தொகுதி, குதிரைகள், உடை, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து. தனித்தனியாக எடுத்தால் எதுவும் போதாது. ஆனால் முதல் கட்டுரையை அனுப்பிய என் தோழிகள் யாரும் இரண்டாவதை அனுப்பவில்லை. கேள்விக்குறி போட்ட தலைப்பு வாட்ஸ்அப்பில் ஓடாது.

பற்களில் இருந்த ஸ்ட்ரோன்டியம் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைப் பருவத்தில் உருவாகும் எனாமலில் அந்த ஊர்ப் பாறையின் ஸ்ட்ரோன்டியம் தங்கிவிடுகிறது. ஈப்போ சுண்ணாம்புமலைத் தண்ணீரில் வளர்ந்த பல்லும் பினாங்குக் கருங்கல் மலைத் தண்ணீரில் வளர்ந்த பல்லும், பழைய காலமாக இருந்தால், வேறு வேறு எண்களைக் காட்டும். 581-இன் பற்கள் அவள் பிர்காவிலேயே பிறந்து வளர்ந்தவள் இல்லை என்று காட்டின. எங்கிருந்தோ வந்தவள், வந்த ஊரில் இவ்வளவு மரியாதையோடு புதைக்கப்பட்டவள். வந்தேறி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஏன் தலைப்பாக வரவில்லை என்று தோன்றத்தான் செய்கிறது.

இதுவரை சொன்னதில் பழைய கதையை அறிவியல் வந்து திருத்துகிறது. எப்போதும் அப்படி நடப்பதில்லை. சில சமயம் அழகான கதையைக் கட்டிக்கொடுப்பதே அறிவியல்தான். ஈராக்கின் குர்திஸ்தான் மலையில் ஷானிடார் என்ற குகை. ரால்ஃப் சொலெக்கி 1950-களில் தோண்ட ஆரம்பித்து நியாண்டர்தால் மனிதர்களின் எலும்புக்கூடுகளைக் கண்டெடுத்தார். 1960-இல் கிடைத்த நான்காவது எலும்புக்கூட்டைச் சுற்றியிருந்த மண்ணை அர்லெட் லெருவா-குர்ஹான் என்ற மகரந்த ஆய்வாளர் நுண்ணோக்கியில் பார்த்தார். பூக்களின் மகரந்தம் கொத்துக் கொத்தாக இருந்தது. அப்படியானால் பூ வைத்துப் புதைத்திருக்கிறார்கள்! சொலெக்கி 1971-இல் எழுதிய புத்தகத்தில் இவர்களை முதல் ‘பூ மக்கள்’ என்றே அழைத்தார். ஹிப்பிகளின் காலம். மிருகமாகச் சித்தரிக்கப்பட்ட நியாண்டர்தால் ஒரே இரவில் கவிஞனாகிவிட்டான்.

1999-இல் ஜெஃப்ரி சோமர் ஒரு சந்தேகத்தை எழுப்பினார். அந்தக் குகை மண்ணில் வளை தோண்டும் ஒருவகைப் பாலைவன எலி உண்டு, அது பூக்களை இழுத்துக்கொண்டு போய்ச் சேமிக்கும். 2023-இல் கிறிஸ் ஹன்ட்டும் மற்றவர்களும் இன்னொன்று சொன்னார்கள்: மகரந்தக் கொத்துகளில் வெவ்வேறு காலத்தில் பூக்கும் செடிகள் கலந்திருக்கின்றன, ஒரே நாளில் பறித்து வைத்த பூச்செண்டு அப்படி இருக்காது, மண்ணில் கூடு கட்டும் தேனீக்கள் கொண்டுவந்ததாக இருக்கலாம். எலி, அல்லது தேனீ. பூச்செண்டு போயிற்று.

எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பூ போனதால் அந்தக் குகையில் அன்பும் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அதே குகையின் முதலாவது எலும்புக்கூட்டைப் பாருங்கள். வலது கை சூம்பிப்போன மனிதர். முகத்தில் பட்ட பழைய அடியில் ஒரு கண் பார்வை போயிருக்கும். நடையும் சரியில்லை. இவ்வளவோடும் காயங்கள் ஆறிய பிறகு பல வருடம் வாழ்ந்து, அந்தக் காலத்து வயதான மனிதராகச் செத்திருக்கிறார். யாரோ சோறு போட்டிருக்கிறார்கள். அதற்கு மகரந்தம் தேவைப்படவில்லை. ஆறிப்போன எலும்பு போதும். ‘எலும்பு ஆறியிருக்கிறது’ கண்டது. ‘யாரோ பார்த்துக்கொண்டார்கள்’ முடிவுதான், ஆனால் இது ஒரு கட்டம் மட்டும் தாண்டும் முடிவு.

சூம்பிய கை என்றதும் மலேசிய வாசகருக்கு இன்னொருவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். லெங்கோங்கில், குனோங் ருந்து குகையில், 1990-களின் தொடக்கத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜித் குழு தோண்டியெடுத்த பேராக் மனிதன். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவர். கருப்பைக்குள் இருக்கும் குழந்தைபோல் கைகால் மடக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். சுற்றிலும் கல்லாயுதங்கள், சிப்பிகள், விலங்கெலும்புகள். இடது கை சிறுத்தது. இடது கை விரல்களின் நடு எலும்பு குட்டையாகிப்போகும் ஒரு பிறவிக் குறைபாடு அவருக்கு இருந்தது. 2012-இல் லெங்கோங் பள்ளத்தாக்கு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது அவர் நாட்டின் முகமாகவே ஆகிவிட்டார்.

அவரைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த கதை இது: குறையோடு பிறந்தும் நாற்பதைத் தாண்டி வாழ்ந்தார், இவ்வளவு படையலோடு புதைக்கப்பட்டார், ஆகவே அவர் மதிக்கப்பட்ட பெரிய மனிதர். எனக்குப் பிடித்த கதை. ஆனால் 581-ஐ வாசித்துவிட்டு வந்தவர்களுக்குத் தாவல் எங்கே இருக்கிறது என்று தெரியும். படையல் புதைத்தவர்களின் பேச்சு. மரியாதை, பயம், குற்றவுணர்வு, பாசம், இவற்றில் எதுவும் சிப்பியாக மாறி ஒரு மனிதரைச் சுற்றிக் கிடக்கலாம். அவருடைய கை காரணமாக அந்தப் படையலா, கையைப் பொருட்படுத்தாமலா? ‘குறை இருந்தும்’ என்று சொல்வதிலேயே நம் காலத்துப் பார்வை ஒன்று உள்ளே நுழைந்துவிடுகிறது. அந்த ஊரில் அது குறையாக இல்லாமலே இருந்திருக்கலாம்.

முதல் ஆய்வறிக்கைகள் மண்டையோட்டையும் பல்லையும் அளந்து அவரை ‘ஆஸ்திரலோமெலனேசியர்’ என்று வகைப்படுத்தின. அளவெடுத்து இனம் சொல்லும் அந்த முறைக்கு ஒரு நீண்ட காலனிய வரலாறு உண்டு. அது இங்கே வேண்டாம். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் டிஎன்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும், பத்தாயிரம் வருடம் என்பது மிகப் பெரிய தூரம். ஆனால் கிளந்தானின் சா குகையில் கிடைத்த, நான்காயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய ஓர் எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுக்க முடிந்தது. 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த தென்கிழக்காசிய ஆய்வில் அது இடம்பெற்றது. அந்த மனிதருக்கு நெருங்கிய உறவாகத் தெரிந்தவர்களில் அந்தமானின் ஓங்கேகள் உண்டு. இங்கே, தீபகற்பத்தில் வாழும் ஜஹாய் மக்கள் உண்டு.

ஜஹாய் மக்கள் எங்கோ தொலைவில் இல்லை. லெங்கோங்கிலிருந்து வடக்கே கெரிக் போய், அங்கிருந்து கிழக்கு நோக்கிக் கிளந்தானுக்குப் போகும் நெடுஞ்சாலை. அதன் இருபக்கக் காட்டிலும் பெலும் ஏரிக்கரையிலும் அவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இறந்தவர்களைப் புதைக்கிறார்கள். எதை உடன் வைப்பது, எதை வைக்கக் கூடாது என்பதற்கு அவர்களிடம் காரணங்கள் இருக்கின்றன. பத்தாயிரம் வருடத்துக் காரணமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனாலும் பேராக் மனிதனைப் பற்றி அடுத்து ஒரு வாசிப்பு எழுதப்படுமானால், அதை அந்தச் சாலையோரத்திலிருந்து ஒருவர் எழுதி வாசிக்க எனக்கு ஆசை.